சோதித்தவர் 46

தூத்துக்குடியில் இறங்கிய கண்டெய்னர்
ஆவாரம்பாளையத்துச் சந்துக்குள் வளைய முடியாமல்
மின்கம்பத்தோரம் அரைமணி நேரம் நின்றது.
டெம்போவுக்கு மாற்றி ஏற்றினார்கள்.
பெட்டியைத் திறந்தால் கடல் மணக்கும் என்றிருந்தேன்.
துரு எண்ணெய் வாசம்தான்,
நம்முடையதேபோல.

பெட்டிக்கு நாற்பது ஷாப்ட்,
ஒவ்வொன்றும் செய்தித்தாளில் சுற்றியது.
தாளை எறிந்துவிட்டு ஷாப்டை அளக்க
எனக்குச் சம்பளம்.
தாளையும் நீவி வைத்தேன்.

எழுத்து தெரியாது, எண் தெரியும்.
புகைக்கூண்டுப் படத்தின் கீழே 1958.
சைக்கிள்கள் நெரியும் ஒரு வாசல், 1984.
2009இல் அந்த வாசலே இல்லை,
கண்ணாடி மாடி, அதில் மேகம்.
ஓரமாய் ஒரு வரைபடம்:
மலையிலிருந்து இழுத்துக்கொண்டு வரும் ஆறு,
அது போய் விழும் கடல்,
இரண்டுக்கும் நடுவே கறுப்புப் புள்ளிகளாய் ஆலைகள்,
தோசைக்கல்லில் எள் தெறித்தமாதிரி.

மதியம் தாரகேஸ்வரி செல்போனை நீட்டிப் பிடித்தாள்.
அது பாதி மொழிபெயர்த்தது, பாதி உளறியது:
"பம்பின் தொப்புள் நகரம். மூவாயிரம் உலை.
நீரை வெளியே தள்ளு.
புயல் மாதம் விற்பனை மகிழ்ச்சி."
சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது.

எனக்குப் பிறகுதான் பிடிபட்டது.
அங்கே தண்ணீர் வீட்டுக்குள் வந்தது,
அதைத் துரத்த மோட்டார் செய்தார்கள்.
இங்கே தண்ணீர் ஊரைவிட்டுப் போனது,
அதைத் துரத்திக்கொண்டே மோட்டார் செய்தோம்.

எங்கள் படத்தின் கீழே ஆண்டு போடத் தேவையில்லை,
அடி போட்டால் போதும்.
நாற்பதடி: கவலை ஓட்டிய கிணறு.
பைக்காராவில் விழுந்த நீர் கம்பியேறி வந்து
மில் சங்கை ஊதியது.
மில்லுக்கு உதிரி கடைந்தவன்
ஒருநாள் மோட்டாரும் கடைந்தான்.
மோட்டார் ஓட ஓடக் கிணறு இறங்கியது,
கிணறு இறங்க இறங்க மோட்டார் நீண்டு ஒல்லியானது,
குழாய்க்குள் நுழைகிற பாம்பாக.
இப்போது ஆயிரத்து இருநூறு அடி.
போன வாரம் அன்னூர்ப் பக்கம் வெறும் புழுதி வந்ததாம்.

இருபத்து மூன்றாவது ஷாப்ட்
நாலு மைக்ரான் குறைவு.
ஒரு தலைமயிரை நெடுக்கில் பதினைந்தாய்ப் பிளந்தால்
அதில் ஒன்று.
மூன்றுமுறை அளந்தேன்,
கையைத் துடைத்துக்கொண்டு நான்காம் முறையும்.
பெட்டிக்குள் ஒரு சீட்டு கிடந்தது,
சிவப்பு முத்திரை, 46.

என் முத்திரை நீலம். எண் 9.

46 ஆணா பெண்ணா, தெரியாது.
அவள் என்றே வைத்துக்கொள்கிறேன்.
இராப்பணியின் கடைசிப் பெட்டியாக இருந்திருக்கும்.
முன்பொரு தரம் நான் 9 குத்தி அனுப்பிய மோட்டார்
தாராபுரத்துத் தோட்டமொன்றில் நாலாம் நாள் நின்றது.
மூன்று நாள் கூலி பிடித்தார்கள்.
அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் என்று
யாரிடமும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தாலும் பிடித்திருப்பார்கள்.

ரங்கநாயகம் வந்து எட்டிப் பார்த்தார்.
"அம்மிணி, அந்தச் சீட்டையுஞ் சேத்து போட்டோ எடுங்க.
டெபிட் நோட்டுப் போடோணும்.
அவனுக வெலைக்கு நாமெல்லாம்
கடையச் சாத்தோணுமாட்ட இருக்குது."
அவனுக ஷாப்டைத்தான் வாங்குகிறோம் என்பதை
அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.
மோட்டாரின் தகட்டில் எங்கள் ஊர்ப்பெயர் மின்னும்.
வயிற்றுக்குள் சுழல்வது அவளூர்.

கணவாய்க் காற்று ஜன்னல் வழியே புகுந்து
1984ஐத் தூக்கிக்கொண்டு போய்
லேத்துச் சுருள்களின்மேல் போட்டது.
ஜோகேந்திர ஓடிப்போய் எடுத்து வந்தான்.
அவன் ஊரில் வெள்ளம், இரண்டு நாளாய் போன் போகவில்லை.
படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தான்.

ஷாப்டை ஒதுக்கினேன். அதில் மாற்றமில்லை.
விட்டம் குறைவு, பெட்டி 7, வரிசை 23 என்று எழுதினேன்.
சோதித்தவர் எண் என்ற கட்டத்துக்கு வந்தபோது
கட்டைவிரலில் எண்ணெய் இருந்தது.
சீட்டின்மேல் ஒருமுறை அழுத்தித் தேய்த்தேன்.
"மை பரவியுள்ளது, படிக்க இயலவில்லை."

மாலையில் நைரோபிக்குப் போகும் மோட்டார்களை
நம்மூர்ப் பேப்பரில் சுற்றிக் கட்டினோம்.
மேலாக வந்த பக்கத்தில்
தங்கம் விலை, முட்டை விலை,
சிறுவாணி நீர்மட்டம்,
அடிக்கணக்கில்.